அனுப்புகின்றேனா, அனுப்பியுள்ளேனா?

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து மாலைப்பொழுது ஒன்றில் எமது பழைய மாணவன் ஒருவன் தன் தாயாருடன் எம் இல்லத்துக்கு வந்தான். வந்தவன் வாய் திறவாது நின்றான். தாயாரே பேசத் தொடங்கினார்.

"மாஸ்ரர், இவன் என்ன பிழை விட்டவன் எண்டு நீங்களே ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. கந்தோரிலை கேட்டால் சேட்டிபிக்கற் ஒண்டும் வரேல்லை எண்டு சொல்லுகினம். இவன் அனுப்பினனான் எண்டு சத்தியம் பண்ணுறான்."

செய்தி இதுதான். மாதந்தோறும் உதவிப்பணம் வழங்கும் தொழிற்பயிற்சி நெறி ஒன்றுக்கு அவன் மின்னஞ்சல் மூலம் விண்ணப்பித்திருந்தான். தந்தை இல்லாத வீடு. தாயார் தையல் இயந்திரம் ஒன்றை நம்பிக் குடும்பத்தை நடத்துகின்றார். உயர்தரப் பரீட்சையில் ஓரளவே சித்தியெய்திய மகனுக்கு அந்த நெறி ஒரு பெரிய வாசல். முடிவுத் திகதி கடந்தபின், "உரிய ஆவணங்கள் கிடைக்கப்பெறாமையால் தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிட்டது.

கைத்தொலைபேசியை வாங்கி அவன் எழுதிய மடலைப் படித்தோம். முகமன் முறைப்படி இருந்தது. எழுத்துப்பிழை இல்லை, அதனாலே உள்ளூரச் சிறிது பெருமையும் கொண்டோம். மடலின் உயிர்நாடியான வாக்கியங்கள் மூன்று:

"மேற்படி நெறிக்கு விண்ணப்பிக்க விரும்பினேன். எனது பெறுபேற்றுச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் வேறு மின்னஞ்சலில் அனுப்புகின்றேன். தாங்கள் ஆவன செய்தமைக்கு நன்றி."

முதன்முறை படித்தபோது எமக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை என்பதை ஒளிக்காது கூறிவிடுகின்றோம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான், "எப்போது அனுப்பினாய்?" என்று கேட்டோம்.

"முதலே அனுப்பிப்போட்டன் சேர். கொமினிகேசனிலை ஸ்கான் பண்ணி, அந்தக் கடைக்காரண்ணையின்ரை ஈமெயிலிலையிருந்தே அனுப்பினது. பேந்து வீட்டை வந்துதான் இந்தக் கடிதம் எழுதினனான்."

அப்பொழுதுதான் விடயம் தெளிவாயிற்று. கடைக்காரரின் முகவரியிலிருந்து, தலைப்பும் பெயரும் இன்றி, இரண்டு படங்களை மட்டும் தாங்கிச் சென்ற மடல் ஒன்று கந்தோரில் எங்கோ கேட்பாரற்றுக் கிடந்திருக்கின்றது. அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை அவனது விண்ணப்பம் எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. "அனுப்புகின்றேன்" என்று எழுதியிருக்கின்றான். ஆகவே இனித்தான் அனுப்பப்போகின்றான் என்று படித்த எழுதுவினைஞர் விளங்கிக்கொண்டார். காத்திருந்தார். முடிவுத் திகதி வந்தது, கோவையை மூடினார். அவரை நாம் குறைகூற மாட்டோம். தமிழறிந்த எவரும் அவ்வாறே விளங்கிக்கொள்வர்.

நிகழ்காலம் என்பது நம் மொழியில் நிகழ்வதை மட்டும் கூறி அமைவதன்று. "நாளைக்கு வருகின்றேன்" என்கின்றோம். வருகை நாளையது, வினையோ நிகழ்காலம். வீட்டை விட்டுப் புறப்படும் யாழ்ப்பாணத்தவர் "வாறன்" என்பார். அவர் செய்வது போவது, சொல்வது வருவது, அந்த வருகையும் எப்போதென்று அவருக்கே தெரியாது! கொடுக்கும் வாக்குறுதியை நிகழ்காலத்திலே கூறுவது நமக்கு இயல்பு. அந்த இயல்பு பேச்சிலே அழகு, விண்ணப்பத்திலே ஆபத்து. அஞ்சலிலே "இத்துடன் அனுப்புகின்றேன்" என்று எழுதியபோது இடர்ப்பாடு எழவில்லை. கடிதமும் சான்றிதழும் ஒரே உறையில் இருந்தன. உறையைப் பிரித்தவர் கையில் இரண்டும் ஒருங்கே விழுந்தன. காலத்தை வினை காட்டாவிடினும் உறை காட்டிற்று. மின்னஞ்சலில் உறை இல்லை. ஒரு மடல் இங்கும் ஒரு மடல் அங்குமாகப் பிரிந்துபோகின்றன. ஆகவே வினைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அவன் எழுதியிருக்க வேண்டியது யாது? "எனது சான்றிதழ்கள் இரண்டையும் இன்று காலை, இன்ன முகவரியிலிருந்து, வேறு மின்னஞ்சலில் அனுப்பியுள்ளேன்" என்பதே. "அனுப்பியுள்ளேன்" என்ற வினை, செயல் முடிந்தது என்பதையும், முடிந்த செயலின் பயன் இப்போதும் உள்ளது என்பதையும் ஒருசேரக் கூறுகின்றது. அனுப்பியது அங்கே இருக்கின்றது, தேடினால் அகப்படும் என்பது அதன் குறிப்பு. "அனுப்பினேன்" என்பது முடிந்ததை மட்டும் கூறி நின்றுவிடும். "அனுப்பியிருந்தேன்" என்பதோ, அனுப்பியபின் வேறொன்று நிகழ்ந்தது, அல்லது நிகழவேண்டியது நிகழவில்லை என்று ஒரு முறைப்பாட்டின் வாசலைத் திறந்துவைக்கும். நினைவூட்டல் மடலுக்கு அது மிகப் பொருந்தும்: "கடந்த 5ஆம் திகதி விண்ணப்பம் அனுப்பியிருந்தேன், இதுவரை பதில் கிடைக்கவில்லை." முதல் மடலிலேயே அதனை எழுதினால் படிப்பவர் பழைய கோவைகளைப் புரட்டத் தொடங்குவார்.

அன்று இரவு எம் மனத்தை வருத்தியது வேறொன்று. "இத்துடன் இணைத்து அனுப்புகின்றேன்" என்ற தொடரை அவனுக்குக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவர் வேறு எவருமல்லர், நாமே. கடிதம் எழுதும் பாடத்தில் ஆண்டுக்கு ஆண்டு அதே தொடரை எழுதினோம். நமக்குக் கற்பித்த ஆசிரியரும் அதையே எழுதினார். உறை மறைந்து ஆண்டுகள் பலவாகியும் தொடர் மட்டும் கரும்பலகையில் நின்றது.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகின்றது. பண்டைய உரோமர் இலத்தீன் மொழியில் கடிதம் எழுதும்போது சில வேளைகளில் தாம் எழுதும் நேரத்தின் நிகழ்ச்சிகளை இறந்தகாலத்திலே எழுதினர். கடிதத்தைப் படிப்பவன் கையில் அது சேரும்போது அவையெல்லாம் கழிந்தனவாகிவிடும் அன்றோ? ஆகவே படிப்பவனின் இடத்தில் நின்று காலத்தைக் கணித்தனர். சிசரோவின் கடிதங்களில் இவ்வழக்கைக் காணலாம். நாம் இலத்தீன் மரபைத் தமிழுக்கு இழுத்துவர முனையவில்லை. ஆயினும் படிப்பவரின் இடத்தில் நின்று பார்த்த அந்தக் கருத்து மெச்சத்தக்கது. மின்னஞ்சல் நொடிப்பொழுதில் சென்று சேர்கின்றது என்பது மெய்யே. சேர்ந்த மடல் திறக்கப்படுவதோ திங்கட்கிழமை. வெள்ளி மாலை எழுதிய "நாளை நேரில் வருகின்றேன்" என்பதைத் திங்கள் காலை படிப்பவர் செவ்வாயன்று எதிர்பார்ப்பார். திகதியை இலக்கத்தில் எழுதிவிட்டால் இவ்வில்லங்கம் இல்லை.

இனி, அவன் மடலின் முதல் வாக்கியத்துக்கு வருவோம். "விண்ணப்பிக்க விரும்பினேன்" என்றானே, இப்பொழுது விருப்பம் போய்விட்டதா? விசாரித்தபோது, ஆங்கில மடல் மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதியதாகச் சொன்னான். ஆங்கிலத்தில் "ஐ வோன்ரட் ரு ஆஸ்க்" என்றும் "ஐ வொஸ் வொண்டறிங்" என்றும் எழுதுவது பணிவு. அங்கே இறந்தகாலம் காலத்தைக் காட்டாது, தொலைவைக் காட்டுகின்றது. கேட்பவர் ஓரடி பின்னே நின்று கேட்கின்றார். மறுப்பவர்க்கு மறுப்பது எளிதாகின்றது. "வில்" என்பதினும் "வுட்" என்பதும், "கான்" என்பதினும் "குட்" என்பதும் மென்மையாக ஒலிப்பதற்கும் இதுவே காரணம். ஆங்கிலத்தில் மடல் எழுதும் எம் பிள்ளைகள் இதனைக் கற்றுக்கொள்வது நன்றே. அங்கும் "ஐ ஆம் றிக்குவெஸ்ரிங்" என்று இழுக்காமல் "ஐ றைற் ரு றிக்குவெஸ்ற்" என்றோ, "ஐ ஆம் றைற்றிங் ரு றிக்குவெஸ்ற்" என்றோ தொடங்கி, வேண்டுகோளை "ஐ வுட் பி கிறேற்புல் இவ் யூ குட்" என்று முடிப்பது முறை.

தமிழிலோ இறந்தகாலத்துக்கு அந்தப் பணிவுக் குணம் இல்லை. "விரும்பினேன்" என்றால் விருப்பம் கழிந்தது. "எதிர்பார்த்தேன்" என்றால் ஏமாற்றம் தொனிக்கும். "தங்கள் பதிலை எதிர்பார்த்தேன்" என்று மடலை முடித்துப் பாருங்கள். படிக்கும் உத்தியோகத்தர் முகம் சுளிப்பார். "எதிர்பார்க்கின்றேன்" என்பதில் அந்த முள் இல்லை. நமது பணிவு தங்குமிடம் வேறு. "தாங்கள்" என்ற சொல்லிலும், "கூடுமாயின்" என்ற நிபந்தனையிலும், "தந்துதவுமாறு" என்பதன் இறுதியில் நிற்கும் "மாறு" என்ற ஈற்றிலும் அது தங்கியிருக்கின்றது.

இதற்குப் பழைய இலக்கணமே சான்று. ஒருவனிடம் ஒன்றை இரப்பதற்கு ஈ, தா, கொடு என மூன்று வினைகளைத் தொல்காப்பியர் வகுத்தார். இழிந்தோன் கேட்பது ஈ. ஒத்தோன் கேட்பது தா. உயர்ந்தோன் கேட்பது கொடு. நன்னூலாரும் இதனை ஏற்றார். மூவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு வினைச்சொல்லிலே கிடக்கின்றதேயன்றிக் காலத்தில் அன்று. இன்று எழுதும் விண்ணப்பங்களில் "தந்துதவுமாறு" என்றே எழுதுகின்றோம். அஃதாவது, அறிந்தோ அறியாமலோ, ஒத்தோன் கூற்றாகிய "தா" என்பதையே ஒரு குடிமகன் கந்தோரை நோக்கிக் கூறுகின்றான். எமக்கு இது பெரிதும் பிடித்திருக்கின்றது.

வேண்டுகோள் வினை மட்டும் எக்காலத்தும் நிகழ்காலத்திலேயே நிற்க வேண்டும். "வேண்டுகின்றேன்" என்று எழுதும் அச்செயலே வேண்டுதல் ஆகின்றது. சொல்லும் செயலும் அங்கு ஒன்று. "வேண்டுவேன்" என்றால் வேண்டுதல் இன்னும் தொடங்கவில்லை. "கேட்டுக்கொள்ள இருக்கின்றேன்" என்று எழுதுவாரும் உளர். கேட்கட்டும், கேட்டபின் பார்ப்போம் என்று கந்தோர் இருந்துவிட்டால் யாரை நோவது? மாணவர் அடிக்கடி எம்மைக் கேட்கும் ஐயம் ஒன்றும் உண்டு: "வேண்டுகிறேன்" சிறந்ததா, "வேண்டுகின்றேன்" சிறந்ததா, எதில் மரியாதை கூட? கிறு, கின்று, ஆநின்று மூன்றும் நிகழ்கால இடைநிலைகள் என்பது நன்னூல். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. கின்று என்பதில் ஒரு மெல்லின எழுத்துக் கூடுகின்றது, மரியாதை கூடுவதில்லை. ஒரு மடலில் ஒன்றையே ஆளுக.

மூன்றாம் வாக்கியம், "ஆவன செய்தமைக்கு நன்றி" என்பது. செய்யாத உதவியைச் செய்ததாகக் கூறி நன்றியும் கூறிவிடுதல்! இன்று பலர் கையாளும் முடிவு இது. இதற்கு இலக்கணத்தில் இடம் உண்டா என்று ஒரு நண்பர் எம்மோடு வாதாடினார். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக வரலாம் என்பது நன்னூலார் வகுத்த கால வழுவமைதி. உணவருந்திக்கொண்டிருப்பவனை வெளியே நிற்பவர் அழைத்தால் "உண்டேன், வந்தேன்" என்று குரல் கொடுப்பது விரைவு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறக் கண்டு, மழை வருமுன்னரே மழை பெய்தது என்று கூறுவது தெளிவு. அதுபோல, உதவி உறுதி என்ற தெளிவினால் "செய்தமைக்கு" என்றால் என்ன குற்றம் என்பது நண்பர் கட்சி. இலக்கணத்தில் அவர் வென்றார் என்றே வைத்துக்கொள்வோம். ஆயினும் எறும்பு மழையை அறியும்; விண்ணப்பதாரி உத்தியோகத்தரின் மனத்தை அறிவானா? அவர் முடிவு செய்யுமுன்னரே முடிவைக் கூறிவிடுவது சிலருக்குக் கசக்கும். "தங்கள் உதவிக்கு என்றும் நன்றியுடையேன்" என்றால் காலத்தின் கட்டிலிருந்தே தப்பிவிடலாம்.

குடும்பத்தலைவரும் தலைவியரும் எழுதும் மடல்களிலும் இக்காலச் சிக்கல் உண்டு. தரம் 1இல் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பிக்கும் பெற்றோரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரமும், அவ்வீட்டில் எத்தனை ஆண்டு வசித்தனர் என்பதும், வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளதா என்பதும் அங்கே கணக்கிடப்படுகின்றன. "இவ்விலாசத்தில் வசித்தோம்" என்றால் இப்போது அங்கில்லை என்று பொருள்படும். "வசிக்கின்றோம்" என்றால் நேற்றுக் குடிவந்தவரும் அவ்வாறே எழுதலாம். "2016ஆம் ஆண்டு தொடக்கம் இவ்விலாசத்தில் வசித்து வருகின்றோம்" என்பதே தொடக்கத்தையும் தொடர்ச்சியையும் ஒருங்கே காட்டும். "வருகின்றோம்" என்ற அந்தத் துணைவினையின் பெறுமதி, நேர்முகப் பரீட்சைக்குப் போய் வந்த பெற்றோருக்குத் தெரியும்.

இதனினும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், பகிரங்க அதிகாரசபை ஒன்றின் உடைமையிலோ பாதுகாப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமை பிரசைக்கு உண்டு. தமிழிலேயே கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். எம் அயலவரான பெரியவர் ஒருவர், மாரியில் வெள்ளம் தேங்கும் ஒழுங்கையின் வடிகால் குறித்து இவ்வாறு ஒரு மடல் எழுதி எம்மிடம் காட்டினார்: "எமது ஒழுங்கையின் வடிகால் எப்போது திருத்தப்படும்?" எதிர்காலம்! கந்தோரின் அலுமாரியில் இருப்பது நடந்தவற்றின் பதிவும், எழுதிவைத்த திட்டமுமேயன்றி நாளை அன்று. "உரிய வேளையில் திருத்தப்படும்" என்று எழுதிவிட்டால் அவர் என்ன செய்வார்? ஆகவே வினாவை இறந்தகாலத்துக்கு மாற்றினோம்: "கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வடிகாலுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? அதில் செலவிடப்பட்டது எவ்வளவு? இது தொடர்பாகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டின் பிரதியைத் தந்துதவுமாறு வேண்டுகின்றேன்." ஒதுக்கப்பட்ட, செலவிடப்பட்டது, தயாரிக்கப்பட்ட என்னும் மூன்றும் இறந்தகாலம், வேண்டுகின்றேன் என்பது மட்டும் நிகழ்காலம். பெரியவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் தம்பி கேள்வி கேள்வியா இருக்கு" என்றார்.

பழைய மாணவனுக்கு நாம் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றே. மறுநாள் மாலை அவனை இருத்தி மேன்முறையீட்டு மடல் ஒன்றை எழுதுவித்தோம். எழுதுவித்தோம் என்பது முற்றும் சரியன்று. ஒவ்வொரு வினையிலும் அவன் தயங்கினான், நாம் கேட்டோம், அவன் எழுதினான். கடைக்காரரின் முகவரியிலிருந்து மடல் சென்ற திகதியும் மணியும் அவரது கணினியில் இருந்தன. அவற்றைக் குறித்து, "அன்று முற்பகல் 10.40 மணிக்கு என் சான்றிதழ்கள் அனுப்பப்பட்டுள்ளன. அதன் பின்னரே, பிற்பகலில், விண்ணப்பத்தை எழுதினேன். அதில் 'அனுப்பியுள்ளேன்' என எழுத வேண்டிய இடத்தில் 'அனுப்புகின்றேன்' என எழுதியமை என் தவறு. விண்ணப்பத்தை மீளப் பரிசீலிக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றேன்" என்று முடித்தான். "என் தவறு" என்ற இடத்தில் "என் ஆசிரியர் தவறு" என்று எழுதலாம் என்றோம். அவன் சிரித்தான், எழுத மறுத்துவிட்டான். வந்த நாள் தொட்டு அவன் சிரித்தது அப்போதுதான்.

இரண்டு கிழமை கழித்துப் பதில் வந்தது. அவ்வாண்டுப் பட்டியல் பூர்த்தியாகிவிட்டது என்றும், சான்றிதழ்கள் உரிய காலத்தில் கிடைத்திருந்தமை சரிபார்க்கப்பட்டுள்ளது என்றும், அடுத்த அணி தெரிவுசெய்யப்படும்போது அவன் விண்ணப்பம் கவனத்தில் எடுக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். அவன் அதை எம்மிடம் கொண்டுவந்து, "எடுக்கப்படும்" என்ற சொல்லின் கீழ் விரலை வைத்தான்.

"சேர், இது எதிர்காலமல்லோ?"

"ஓம்" என்றோம்.

அங்கேயே திண்ணையில் இருந்து கைத்தொலைபேசியில் மறுமொழி எழுதினான். பதிலுக்கு நன்றி கூறி, அடுத்த அணிக்கான முடிவுத் திகதி எது என்றும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்றும் வினவியிருந்தான். அனுப்புமுன் எம்மிடம் நீட்டினான். நாம் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.